கைமாறிய படக்கதை

நூலொன்றை ஆக்கத் தொடங்கிய புலவர் அதனை முடிக்குமுன் மறைவரேல், அந்நூல் குறையாக நிற்றலே உலகியல். பாணர் முடியாதுவிட்ட காதம்பரியை அவர்தம் மகனார் முடித்ததும், கம்பர் பாடாதுவிட்ட உத்தரகாண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்று வழங்கி வருவதும் எங்கோ ஒன்றிரண்டாகக் காணப்படுவன. படக்கதை என்னும் துறையிலோ நிலைமை வேறு. ஆங்கே தொடங்கியவர் ஒருவர், தொடர்பவர் வேறொருவர், அவர்க்குப்பின் மற்றொருவர் என ஒரே தலைவனின் கதை எழுபது எண்பது ஆண்டுகள் நடந்துகொண்டே போகும். அவ்வாறு கைமாறிய தொடரொன்றைச் சிலகாலம் விட்டிருந்து மீண்டும் கையிலெடுக்கும் வாசகர், முதற் பக்கத்திலேயே ஐயுறுவர்: 'இஃது அதுதானா?' அவ்வையத்திற்கு விடை காண்பது எளிதன்று. ஏன் எளிதன்று என்பதனை, உலகெங்கும் பரவிய பிரெஞ்சுத் தொடரொன்றைச் சான்றாகக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

படக்கதை இருகைத் தொழில். கதாசிரியர் நிகழ்ச்சிகளை வகுக்கின்றார். ஒரு பக்கத்திற்கு எத்தனை கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் யார் நிற்பது, என் பேசுவது என்பவற்றை எழுதித் தருகின்றார். ஓவியர் அதற்கு உருவும் உயிர்ப்பும் நல்குகின்றார். ஒருவரே இரண்டையும் செய்தலும் உண்டு. வாசகர் கண்ணிற்கு முதலில் தோன்றுவது ஓவியமே. ஓவியர் மாறினால், தலைவனுடைய மூக்கு சற்றே நீண்டதும் புருவம் வளைந்ததும் சிறுவர்க்கும் தெரிந்துவிடும். கதாசிரியர் மாறினாலோ, மூக்கு அவ்வாறே இருக்கும், புருவமும் அவ்வாறே, ஆயினும் நூலை மூடும்போது ஏதோ குறைந்தது போன்ற உணர்ச்சி எஞ்சும். குறைந்தது யாதென்று கேட்டால் வாசகர்க்குச் சொல்லத் தெரியாது. 'பழைய சுவை இல்லை' என்று சொல்லி அமைவர். சுவை என்பது எங்கே இருந்தது என்பதைத்தான் நாம் ஆராய வேண்டும்.

அதற்குமுன், இக்கைமாற்றம் நிகழ்தற்குரிய காரணத்தையும் சிறிது அறிதல் நலம். அமெரிக்காவிலே கதைமாந்தர் பெரும்பாலும் பதிப்பாளரின் உடைமை. சூப்பர்மேன் என்னும் தலைவனைப் படைத்த சீகல், ஷூஸ்டர் என்னும் இளைஞர் இருவரும் அவனுக்குரிய உரிமையை 1938இல் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். அன்றுமுதல் இன்றுவரை அவனை எழுதினோரும் வரைந்தோரும் எண்ணிறந்தோர். இம்முறையால் விளைந்தது கேடு ஒன்றே என்றும் கூறவியலாது. வீழ்ச்சியுற்றுக் கிடந்த 'ஸ்வாம்ப் திங்' என்னும் தொடரை 1984ஆம் ஆண்டில் ஆலன் மூர் என்னும் ஆங்கிலேயர் ஏற்று, அதன் தலைவன் சதுப்புநிலச் செடிகொடியாக மாறிய மனிதனல்லன், தன்னை மனிதனென்று எண்ணிக்கொண்ட செடிகொடியே என்று ஒரே இதழில் புரட்டிக் காட்டினார். முன்னர் அத்தொடரை விட்டகன்றோர் திரும்பிவந்து படித்தனர். முந்தியது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது.

பெல்ஜிய நாட்டிலே இருவேறு நெறிகளைக் காண்கின்றோம். டின்டின் கதைகளை ஆக்கிய எர்ஜே, தமக்குப்பின் டின்டினை எவரும் தொடர்தல் கூடாதென்று கூறிவிட்டார். 1983ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் மறைந்தபோது குறையாய் நின்ற கதை, 1986இல் அவர்தம் கரட்டு வரைவுகளாகவே அச்சிடப்பட்டது. முடிவு இன்றளவும் இல்லை. 1938இல் ரோப்-வெல் என்பார் தொடங்கிய ஸ்பிரூவோ இதற்கு நேர்மாறு. அது பதிப்பகத்தின் சொத்தாதலின் பலர் கைக்கு மாறிற்று. அவர்களுள் தலைசிறந்தவர் ஃப்ரான்கேன். 1946 முதல் இருபதாண்டுகளுக்கு மேலாக அதனை வளர்த்த அவர், 1952இல் மார்ஸுபிலாமி என்னும் நெடுவால் விலங்கொன்றைப் புகுத்தினார். தொடரைவிட்டு விலகியபோது அவ்விலங்கின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பின்வந்தோர் நெடுங்காலம் அவ்விலங்கின்றியே கதை நடத்த வேண்டியதாயிற்று. வீட்டை விற்றவர் முற்றத்து மரத்தை வேரொடு கொண்டுசென்றது போன்ற செய்தி இது!

இனி, யாம் எடுத்துக்கொண்ட ஆஸ்டெரிக்ஸ் தொடருக்கு வருவோம். கிறித்துவுக்கு முன் 50ஆம் ஆண்டு. காலியா நாடு முழுவதும் ஜூலியஸ் சீசருக்கு அடிப்பட்டுவிட்டது. கடற்கரைச் சிற்றூர் ஒன்று மட்டும் பணியாது நிற்கின்றது. அவ்வூர்ப் பூசாரி காய்ச்சும் மாய மருந்தைப் பருகினோர்க்கு அளவிறந்த வலிமை உண்டாகும். சிற்றுருவும் கூர்மதியும் உடைய ஆஸ்டெரிக்ஸும், குழந்தைப் பருவத்தில் அம்மருந்துக் கொப்பரையில் விழுந்தமையால் என்றும் வலியுடையவனான ஒபேலிக்ஸும் தலைமக்கள். இதனைப் படைத்தோர் ரெனே கொஸீனி, ஆல்பெர் உடெர்ஸோ என்னும் இருவர். முன்னவர் 1926இல் பாரிசிற் பிறந்து அர்ஜென்டினாவில் வளர்ந்தவர். பின்னவர் 1927இல் பிரான்சிலே இத்தாலியக் குடும்பத்திற் பிறந்தவர். உடெர்ஸோவிற்கு நிறங்களைப் பகுத்துணர்தல் அரிது என்பது பலர் அறியாதது. 1959ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆம் நாள் வெளிவந்த 'பிலோட்' வார இதழின் முதலிதழிலேயே கதை தொடங்கிற்று. 1961இல் முதற்றொகுதி நூலுருப் பெற்றது.

கொஸீனி எழுதிய முறையை ஈண்டுக் குறித்தல் இன்றியமையாதது. அவர் பொதுவாகக் கதைப்போக்கைச் சொல்லிவிட்டு ஓவியரிடம் விடுபவரல்லர். ஒவ்வொரு கட்டத்திலும் நிகழ்வது யாது, பேசப்படுவது யாது என்று முழுமையும் தட்டச்சில் எழுதித் தருவார். கதாசிரியர் பெயர் அட்டையிற் பொறிக்கப்பெறுதலே அரிதாயிருந்த காலத்தில், அஃதொரு தனித்தொழில் என்று பிரெஞ்சு நாட்டில் நிலைநாட்டியவருள் அவர் முதன்மையானவர். அவர் கதைகளுக்கு வித்து மிகச் சிறியது. 1976இல் வந்த 'ஒபேலிக்ஸ் கம்பெனி'யை நோக்குக. படையால் வெல்லமுடியாத ஊரைப் பணத்தால் வெல்லலாம் என்று சீசருக்கு இளம் பொருளியலார் ஒருவர் சொல்கின்றார். ஒபேலிக்ஸ் விளையாட்டாகச் செதுக்கும் நெடுங்கற்களை ஒன்றுக்கும் பயனின்றி வாங்குகின்றனர். நாடோறும் விலையை ஏற்றுகின்றனர். ஒபேலிக்ஸிற்கு வேட்டையாட நேரமில்லை. ஆகவே வேட்டைக்கு ஆள் வைக்கின்றான். கல் செதுக்கவும் ஆள் வேண்டும். அண்டைவீட்டார் பொறாமையால் தாமும் கல் செதுக்குகின்றனர். அவர்களுக்கும் ஆள் வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஊர் பிளவுபடுகின்றது. உரோமிலோ குவிந்த கற்களை என்செய்வதென்று அறியாது விளம்பரம் செய்து விற்கின்றனர். போட்டிக்கு எகிப்தியக் கல்லும் கிரேக்கக் கல்லும் கிளம்புகின்றன. ஈற்றில் நாணயமே மதிப்பிழக்கின்றது. அவ்வளவும் ஒரு கல்லிலிருந்து! மாய மருந்துக்கு இக்கதையில் வேலை மிகக் குறைவு. மாந்தரின் ஆசையும் பொறாமையும் தருக்குமே கதையை நடத்துகின்றன. கொஸீனி தம் உலகில் ஒரேயொரு மாயத்திற்கு இடங்கொடுத்தார் என்றே கூறலாம். ஏனைய யாவும் மனித இயல்பு. இதனை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1977ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், மருத்துவரிடம் இதயப் பரிசோதனை செய்துகொண்டிருக்கையிலேயே கொஸீனி உயிர்நீத்தார். வயது ஐம்பத்தொன்று. அப்பொழுது இருபத்துநான்காம் கதையாகிய 'பெல்ஜியத்தில் ஆஸ்டெரிக்ஸ்' எழுதி முடிந்திருந்தது, ஓவியம் முடியவில்லை. 1979இல் நூல் வெளிவந்தது. அதனைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஒன்று புலப்படும். துயரச் செய்தி வந்தபின் வரைந்த பக்கங்களிலே வானம் கருத்திருக்கின்றது; மழை பெய்துகொண்டே இருக்கின்றது. கதையில் அம்மழைக்குக் காரணம் ஒன்றுமில்லை. உடன்பிறந்தார் போன்ற நண்பரை இழந்த ஓவியர் தம் தூரிகையால் இரங்கிய இரங்கல் அது. சொற்கள் பழைய நகைச்சுவையையே பேசிக்கொண்டிருக்க, மேலே வானம் மட்டும் அழுகின்றது. படக்கதையில் இருகை உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை யாம் கண்டதில்லை.

அதன்பின் உடெர்ஸோ தனித்து நின்றார். விட்டுவிடவும் எண்ணினார். எனினும் வாசகர் விடவில்லை. தாமே பதிப்பகம் ஒன்றைத் தொடங்கி, அதற்குத் தம் பெயரோடு நண்பர் பெயரையும் சேர்த்து ஆல்பெர்-ரெனே என்று பெயரிட்டு, 1980இல் 'பெரும் பிளவு' என்னும் கதையைத் தாமே எழுதி வரைந்து வெளியிட்டார். அட்டையிற் கொஸீனியின் பெயரை நீக்கினாரில்லை. அன்றுதொட்டு 2005 வரை அவர் தனித்தியற்றிய முழுநீளக் கதைகள் எட்டு. அவற்றின் ஓவியத்தில் குறைகாண்பார் அரியர். கட்டங்கள் விரிந்தன, கடலும் காடும் மாளிகையும் முன்னிலும் அழகாயின. முகமும் மூக்கும் அவரே வரைந்தமையால் எள்ளளவும் மாறவில்லை. கண்கொண்டு நோக்குவார்க்கு எதுவும் கைமாறவில்லை என்றே தோன்றும்.

மாறியது எது? 1987இல் வந்த 'மாயக் கம்பளம்' கதையைக் கொண்டு காட்டுவோம். அது நம் பாரத நாட்டிற்கே வருகின்ற கதையாதலின் நமக்கு அதன்மேல் தனியுரிமையும் உண்டு. கங்கைச் சமவெளியில் மழையில்லை. குறித்த நாளுக்குள் மழை பெய்யாவிடில் அரசிளங்குமரி பலியாவாள். ஆகவே பறக்குங் கம்பளத்தில் வந்த பக்கிரி ஒருவன், தன் பாட்டால் மழையை வருவிக்கும் ஊர்ப் பாணனை அழைத்துச் செல்கின்றான். இப்பாணன் கொஸீனியின் கதைகளில் யார்? தன்னைப் பெரும்பாடகன் என்று எண்ணுபவன். ஊராரோ காதைப் பொத்திக்கொள்வர். தற்பெருமையும் அதற்கு ஊரார் அளிக்கும் விடையும் சேர்ந்து பிறந்த நகைச்சுவை அது. நம்மூர்களிலும் அத்தகையோர் உளர். பெயர் சொல்லின் கல்லூரி ஆண்டுவிழா நடைபெறாது. உடெர்ஸோ கதையிலோ அவன் பாடினால் மேகம் திரள்கின்றது. மனிதக் குறையாயிருந்தது மந்திர ஆற்றலாயிற்று. நகைச்சுவை போய் அற்புதம் வந்தது. ஒரு மாயம் இருந்த உலகில் கம்பளம் பறக்கின்றது, பாட்டு மழை பொழிகின்றது. 1996இல் ஒபேலிக்ஸ் கல்லாகிப் பின் குழந்தையாகின்றான், கடலுள் ஆழ்ந்ததாகச் சொல்லப்படும் அட்லாண்டிசும் வந்துவிடுகின்றது. 2005இல் விண்ணுலகத்தாரே ஊருக்குள் இறங்கிவிடுகின்றனர். அவ்விறுதிக் கதையை வாசகர் பலர் கடிந்தனர். அது வால்ட் டிஸ்னிக்கு உடெர்ஸோ செலுத்திய காணிக்கை என்பதையும் கூறிவிடுதல் முறை; ஓவியர் ஒருவர் ஓவியரை வணங்கியது. கதாசிரியர் இருந்திருப்பின் அவ்வணக்கத்திற்கு வேறிடம் தேடியிருப்பார்.

இன்னுமொன்று. கொஸீனி ஆங்கிலேயரையும் இசுபானியரையும் கோர்சிகரையும் நகையாடியபோது, அவர்தம் பழக்கங்களைப் பக்கத்திலிருந்து பார்த்த கண் அதிற் புலப்படும். மாயக் கம்பளத்து இந்தியாவோ யானையும் புலியும் பக்கிரியும் நிரம்பிய பழைய மேனாட்டுக் கதைப்புத்தக இந்தியா. அதிற் பகையில்லை, ஆயின் நம்மைப் பார்த்துச் சிரிப்பதாகவும் தோன்றவில்லை. யாம் அதனைப் படித்தபோது, எம்மையும் சற்று நன்றாகக் கேலி செய்திருக்கலாகாதா என்றே ஏங்கினோம்.

இவ்விடத்தில் நம்மவர்க்கே உரிய கேள்வி ஒன்று எழுகின்றது. நம்மிற் பெரும்பாலார் இத்தொடரைப் பிரெஞ்சில் படித்தவரல்லர், ஆங்கிலத்தில் படித்தவர். பிரெஞ்சுக்காரர்க்கு இருகைத் தொழிலாயிருந்தது நமக்கு மூன்றுகைத் தொழில். அம்மூன்றாங்கை ஆந்தியா பெல் அம்மையாரும் டெரிக் ஹாக்ரிட்ஜும் ஆவர். ஒபேலிக்ஸின் சிறு நாய்க்குக் கொஸீனி இட்ட பெயர் இதேஃபிக்ஸ்; மாறாது பற்றிநிற்கும் எண்ணம் என்று பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலி அது. ஆங்கிலத்தார் அதனை டாக்மாடிக்ஸ் ஆக்கினர். பிடிவாதம் என்னும் பொருளும் நின்றது. நாய் என்னும் ஆங்கிலச் சொல்லும் உள்ளே புகுந்தது. மூலத்தைக் காட்டிலும் மொழிபெயர்ப்பில் ஒரு சிலேடை மிகுதி! மற்றொரு கதையில், கப்பல் உடைந்த கடற்கொள்ளையர் தெப்பத்தில் தத்தளிக்கும் கட்டம், ஜெரிக்கோ என்னும் பிரெஞ்சு ஓவியர் வரைந்த மெடூசாத் தெப்பம் என்ற புகழ்பெற்ற ஓவியத்தின் நிழல். பிரெஞ்சிலே கொள்ளைத்தலைவன் அக்கப்பலின் பெயரை வைத்துச் சிலேடை பேசுகின்றான். அஃது ஆங்கிலத்தில் வாராதாகலின், மொழிபெயர்த்தோர் ஓவியரின் பெயரைக்கொண்டு வேறொரு சிலேடை கட்டிவிட்டனர். சொல்லை விட்டுச் சுவையைக் கொண்டுவருதல் என்பது இதுவே.

1977இல் கொஸீனி மறைந்தார், இவ்விருவரும் மறைந்திலர். உடெர்ஸோவின் கதைகளையும் அவர்களே ஆங்கிலமாக்கினர். ஆதலின் பிரெஞ்சு வாசகர் பேச்சின் மாற்றத்தை முழுமையாக உணர்ந்த காலத்தில், ஆங்கில வாசகர்க்குப் பழைய குரலில் ஒருபகுதி தொடர்ந்து ஒலித்துக்கொண்டே இருந்தது. கதை மெலிந்த இடங்களிலும் பெயர்களும் விடையிறுப்புகளும் மெலியவில்லை. எம் நண்பர் சிலர் 'பெரும் பிளவு' பழையவற்றோடு ஒப்ப நன்றாகத்தானே இருக்கின்றது என்று வாதிப்பதற்கு இதுவே காரணம் என்று கருதுகின்றோம். ஹாக்ரிட்ஜ் 2013இலும் பெல் அம்மையார் 2018இலும் மறைந்தனர். அண்மைத் தொகுதிகளை ஏட்ரியானா ஹண்டர் அம்மையார் ஆங்கிலமாக்கி வருகின்றார். அக்கைமாற்றத்தை எத்தனை பேர் கவனித்தனர்? அட்டையில் இல்லாத பெயரை யார் தேடுவர்!

தமிழ் வாசகர்க்கும் இது புதிதன்று. மோரிஸ் என்னும் ஓவியர் 1946இல் படைத்த லக்கி லூக் என்னும் தொடரைச் சிவகாசியின் லயன் காமிக்ஸ் தமிழில் தந்துவருகின்றது. அதற்கும் 1955 முதல் கதை எழுதியவர் இதே கொஸீனிதான். அவர் மறைந்தபின் மோரிஸ் வேறு பல கதாசிரியரைத் துணைக்கொண்டார்; 2001இல் மோரிஸும் மறைய, அஷ்தே என்பார் வரைந்து வருகின்றார். தமிழில் இக்கதைகளைப் படிப்போர், தாம் சிரித்த இடங்களிற் கொஸீனியுடையன எவை, பின்வந்தோருடையன எவை, தமிழாக்கியோருடையன எவை என்று ஒருமுறை பகுத்துப் பார்த்தால் வியப்பெய்துவர்.

மீண்டும் ஆஸ்டெரிக்ஸிற்கு வருவோம். தமக்குப்பின் இத்தொடர் இல்லை என்று பலகாலும் கூறிவந்த உடெர்ஸோ பின்னர் மனம் மாறினார். 2008ஆம் ஆண்டின் இறுதியில் பதிப்பகத்தின் பெரும்பங்கு ஆஷெத் என்னும் பெருநிறுவனத்திற்குச் சென்றது. தொடர் தொடரவும் இசைவளிக்கப்பட்டது. அவர் மகளாரே இதனைச் செய்தித்தாளில் வெளிப்படையாக எதிர்த்தெழுதினார். தந்தையும் மகளும் 2014இலேயே உடன்பட்டனர். படக்கதைதானே என்பார்க்கு இதனை நினைவூட்டுகின்றோம். உடெர்ஸோவிடம் நெடுங்காலம் உதவியிருந்த ஓவியர் ஒருவரே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டார்; பொறுப்பின் பாரம் கண்டு அவர் விலகினார். ஈற்றில் ஷான்-ஈவ் ஃபெரி கதாசிரியராகவும் டிடியே கான்ராட் ஓவியராகவும் 2013ஆம் ஆண்டு அக்டோபரில் 'பிக்தர் நாட்டில் ஆஸ்டெரிக்ஸ்' வெளிவந்தது. இருவரும் ஆஸ்டெரிக்ஸ் தோன்றிய 1959ஆம் ஆண்டிலேயே பிறந்தவர்கள். இத்தொடரைப் படைக்குமுன் அதனைப் படித்து வளர்ந்தவர்கள் என்பது பொருள். அஃது அவர்க்கு வலிமையும் ஆயிற்று, தளையும் ஆயிற்று.

வாசகராயிருந்து ஆசிரியராவோர்க்கு ஓர் அச்சம் உண்டு: 'இஃது அதுதானா?' என்று பிறர் கேட்பரே என்பது. அவ்வச்சத்தால் அவர்கள் அடையாளங்களை ஒன்றுவிடாமல் அடுக்குவர். மீன் விற்போனும் கொல்லனும் அடித்துக்கொள்ள வேண்டும். கொள்ளையர் கப்பல் மூழ்க வேண்டும். இறுதிக் கட்டத்தில் நிலவொளியில் விருந்து நடக்க, பாணனைக் கட்டிப்போட வேண்டும். இவற்றுள் ஒன்று குறையினும் வாசகர் முகஞ்சுளிப்பர் என்பது அவர்தம் கலக்கம். படைத்த கொஸீனிக்கு அக்கலக்கம் இல்லை. 1966இல் எழுதிய நார்மானியர் கதையின் விருந்தில் பாணன் அமர்ந்திருக்கக் கொல்லனைக் கட்டிப்போட்டார். கொப்பரைக் கதையிலோ, என்றும் மூழ்கும் கொள்ளையர் மேல் பணமழை பொழியச் செய்தார். தாமே நட்ட எல்லைக்கல்லைத் தாமே பிடுங்கி எறியும் உரிமை படைத்தவர்க்கே எளிதில் வாய்க்கின்றது. பிக்தர் கதையில் யாம் கண்டது மிக்க பணிவு. பிழையொன்றும் இல்லை. படித்து முடித்தபின் நினைவில் நிற்பதும் அதிகமில்லை.

ஈராண்டு கழித்து வந்த 'காணாமற்போன சுருள்' வேறுவகை. காலியப் போரைப் பற்றிச் சீசர் எழுதிய நூலில், இவ்வொரு சிற்றூரிடம் தோற்ற செய்தியைச் சொல்லும் அதிகாரம் ஒன்று இருந்ததாம். புகழுக்கு இழுக்கென்று பதிப்பிப்போன் அதனை நீக்கிவிட, அது கைநழுவி வெளியே செல்கின்றது. செய்தி பரப்புவோன் ஒருவன் அதனைக் காலியரிடம் கொண்டுவந்து சேர்க்கின்றான். விக்கிலீக்ஸ் விவகாரத்தை அறிந்தோர் அவன் யாரென்று உடனே தெளிவர். ஈண்டுப் பறக்குங் கம்பளமில்லை. சிறிய வித்து, மாந்தரின் தருக்கு, நம் காலத்து வழக்கத்தைப் பழங்காலத்து ஆடையில் உலவவிடுதல். கொஸீனியின் அடையாளங்களைப் பற்றியதினும் அவர்தம் முறையைப் பற்றியது பயன் தந்தது. 2017ஆம் ஆண்டுத் தேர்ப்பந்தயக் கதையில் முகமூடி அணிந்த உரோமத் தேரோட்டி ஒருவனுக்குக் கொரோனாவைரஸ் என்றே பெயரிட்டிருந்தனர். மூன்றாண்டுக்குப்பின் உலகமே அப்பெயரைக் கேட்டு நடுங்கும் என்று ஃபெரி கனவிலும் கருதியிரார். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், தொண்ணூற்றிரண்டாம் வயதில், உடெர்ஸோ உறக்கத்தில் மறைந்தார். அதன்பின் வந்த முதற்கதை 2021இல் வெளியான கிரிஃபின் கதை.

2023இல் ஃபெரி ஒதுங்க, ஃபப்காரோ என்னும் புனைபெயருடைய எழுத்தாளர் கதையை ஏற்றார், ஓவியம் கான்ராடினதே. 1977இல் நிகழ்ந்தது போன்றே எழுதுகை மட்டும் மாறி வரைகை நின்றது. எனவே வாசகர்க்கு அரியதொரு சோதனை வாய்த்தது: ஒரே தூரிகையின்கீழ் இருவர் பேச்சை அடுத்தடுத்து வைத்துக் கேட்கலாம். 'வெண் ஐரிஸ்' என்னும் அக்கதையில், படைவீரர் சோர்வைப் போக்கச் சீசரின் மருத்துவர் ஒருவர் இன்சொல், நல்லெண்ணம், அகவமைதி என்று ஒரு புதுக்கொள்கையைக் கொண்டுவருகின்றார். அது ஊருக்குள்ளும் புகுந்துவிடுகின்றது. மீன் நாறுகின்றது என்று எவரும் சொல்வதில்லை, அடிதடி நின்றுவிடுகின்றது, எல்லோரும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்ளும் கொடுமையைக் காணும் ஆஸ்டெரிக்ஸ் திகைக்கின்றான். ஃபெரி நிகழ்ச்சியால் சிரிப்பூட்டினார். ஃபப்காரோ பேச்சின் போலித்தன்மையாலேயே சிரிப்பூட்டுகின்றார். மூக்கும் புருவமும் இரண்டிலும் ஒன்றே. காதால் படிப்பார்க்கே வேற்றுமை விளங்கும். யாம் இக்கதையைத் தமிழ்வகுப்பில் உரைநடை வேற்றுமை பயிலும் கண்கொண்டு இருமுறை படித்தோம். இரண்டாம் முறையே இன்பம் மிகுந்தது.

ஆகவே நெடுநாள் விட்டிருந்து இத்தொடருக்குத் திரும்ப எண்ணும் நண்பர் எவரேனும் எம்மைக் கேட்பின், வெளியான ஆண்டு வரிசையைப் பற்றவேண்டா என்போம். 'ஒபேலிக்ஸ் கம்பெனி'யை ஒருமுறை படித்து, உடனே 'மாயக் கம்பளம்', அதன்பின் 'காணாமற்போன சுருள்', அதன்பின் 'வெண் ஐரிஸ்' எனப் படிக்கட்டும். முதற்பார்வையில் ஓவியத்தைத் துய்த்துவிட்டு, மறுமுறை பேச்சை மட்டும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கட்டும். பேசுவோன் பெயரை மறைத்தாலும் இன்னான் பேச்சு இஃது என்று எங்கே தெரிகின்றது, எங்கே யார் வாயில் வைத்தாலும் பொருந்திவிடுகின்றது என்று குறித்துக்கொள்ளட்டும்.

நாற்பத்தொன்றாம் கதை 2025ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்தது. ஃபப்காரோவும் கான்ராடும் இயற்றியது. கதை இக்காலத்துப் போர்த்துகலாகிய லூசித்தானியாவில் நடைபெறுகின்றது. ஊர்வாயிலில் உதவி வேண்டி வந்து நிற்பவன் யாரென்று நோக்கினால், அவன் முன்னொருகால் அடிமையாயிருந்தவன். காட்டை வெட்டி மாளிகை எழுப்பச் சீசர் அனுப்பிய அடிமைக் கூட்டத்தில், 1971ஆம் ஆண்டுக் கதையின் சில கட்டங்களில் மட்டும் தலைகாட்டிப் போனவன். கொஸீனி எழுதி உடெர்ஸோ வரைந்த அவனை, ஐம்பத்துநான்கு ஆண்டுக்குப்பின் வேறிருவர் அழைத்து வந்திருக்கின்றனர். ஆஸ்டெரிக்ஸும் அவனை அடையாளம் கண்டுகொள்கின்றான்.